பாய் அடித்த மூன்று ரன்கள்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா ஒரு மனிதரைக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்டோர்கீப்பரை வாங்கினார். அந்த ஸ்டோர்கீப்பரும் மனிதர்தான். கோழிக்கோட்டுக்காரர், நல்லவர் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எனக்கிருந்த கோபத்தில் அவரை மனிதர்களோடு சேர்க்க மனம் வரவில்லை.

அப்பா ஜெபல் அலியில் ஒரு டயர் கிடங்குக்கு மேனேஜர். நாங்கள் குடியிருந்தது பர் துபாயில். குளிர்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை காலைகளில், கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த மணல் திடலில் கம்பெனிகளுக்குள் கிரிக்கெட் நடக்கும். டென்னிஸ் பந்து, பன்னிரண்டு ஓவர். ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். எங்கள் அணிக்கு அப்பா கேப்டன். மேனேஜர் என்பதைத் தவிர அதற்கு அவரிடம் வேறு தகுதி கிடையாது. மூன்றாவதாக இறங்குவார், நான்கு ரன் எடுப்பார், லீவு கேட்க வேண்டியவர்கள் பலமாகக் கைதட்டுவார்கள்.

அணியைத் தூக்கி நிறுத்தியது பாய்தான். கீழக்கரைக்காரர், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். விசாவில் மட்டும் தச்சர் என்று இருக்கும். அவர் உளியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அங்கே யாரும் இதையெல்லாம் விசித்திரமாக நினைப்பதில்லை. காகிதத்தில் ஒருமுறை எழுதிவிட்டால் அதுதான் ஆள் என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டு வாழ்ந்தார்கள். இந்தத் தச்சர் மட்டையைச் சுழற்றினால் பந்து கண்டெய்னர் அடுக்கைத் தாண்டிப் போய் விழும். விழுந்ததும், அடுத்த வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டவர் போலத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

நான் ஸ்கோர் எழுதுகிறவள். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும், கணக்கில் நூற்றுக்கு நூறு. பாய் ஆட்டம் முடிந்ததும் நேரே என் நாற்காலிக்கு வந்து, "எத்தனத்தா?" என்று கேட்பார். தான் எடுத்த ரன் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் நான் சொல்லி, நோட்டைக் காட்டி, அவர் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடிக்கப் போவார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்டவரைத்தான் அப்பா, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பிஸ்கட் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். போனில் அவர் பேசியதை என் காதாலேயே கேட்டேன். அவர் கம்பெனி மாற நான் ரிலீஸ் கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன், பதிலுக்கு உங்க ஸ்டோர்கீப்பரை எனக்கு விடுங்க என்று, பழைய சோபாவுக்கு விலை பேசுவது போல, சிரித்துக்கொண்டே பேசினார். எதிர்முனையில் இருந்தவர், தங்கள் ஸ்டோர்கீப்பர் சுழற்பந்து வீசுவார் என்று வேறு ஆசை காட்டியிருக்கிறார். அந்த மனிதர் எங்களுக்காக வீசிய முதல் பந்து, பக்கத்துத் தொழிலாளர் கேம்பில் காய்ந்துகொண்டிருந்த லுங்கிக்குள் போய்ச் சிக்கியது.

"திஸ் இஸ் நாட் ஃபேர்" என்று அப்பாவிடம் சொன்னேன். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் ஆபீஸ் விஷயம் என்று சொல்லிவிட்டு பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் பிஸ்கட் சாப்பிடுவதை நிறுத்தினேன். அந்தக் கம்பெனி பிஸ்கட் மட்டுமல்ல, உலகத்தில் உள்ள அத்தனை பிஸ்கட்டும். அப்பாவோடு காரில் போகும்போது பின் சீட்டில் உட்கார்ந்தேன். பாய் எனக்குப் பரிசாகத் தந்திருந்த பழைய ஜெர்சியை, அது முழங்காலுக்குக் கீழே தொங்கினாலும், வீட்டில் சதா போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் அம்மா, "ஆள் நல்லாத்தான் இருக்கார், ரோடுக்கு அந்தப் பக்கம் போயிருக்கார், அவ்வளவுதான்" என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பாய் போனதைவிட, அவர் சந்தோஷமாகப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி நாளன்று எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம். நெஞ்சு எரிந்தது.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் டயர் கம்பெனியும் பிஸ்கட் கம்பெனியும் மோதின. முந்தைய வருடம் ஸ்கோர் எழுதியவரைப் பற்றிப் புகார் வந்திருந்ததால், இந்த முறை இரண்டு பக்கமும் பேசி என்னையே எழுதச் சொன்னார்கள். குழந்தைக்குக் கள்ளம் தெரியாது என்று யாரோ சொன்னார்கள். குழந்தைகளைப் பெற்றவர்களே அதற்குத் தலையாட்டியதுதான் வேடிக்கை.

எங்கள் அணி முதலில் ஆடியது, அப்பா தன் நான்கு ரன்களை எடுத்தார். பிறகு பாய் இறங்கினார், மஞ்சள் நிற பிஸ்கட் ஜெர்சியில். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் பென்சிலைச் சீவினேன். முதலில் இரண்டு, பிறகு ஒன்று எடுத்தார், ஒழுங்காக எழுதினேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போன மாதம் மீனா பஜாரில் அம்மா வாங்கிய மிக்ஸி சரியாக ஓடவில்லை என்று ஏழு நாளைக்குள் கடையில் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர் முணுமுணுத்தாலும் எடுத்துக்கொண்டார். பாய் சரியாக ஓடவில்லை என்று தெரிந்தால் பிஸ்கட் கம்பெனியும் அவரைத் திருப்பிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

அடுத்து அவர் ஓடி எடுத்த ரன்களை எல்லாம் லெக் பை, அதாவது மட்டையில் படாமல் காலில் பட்டு வந்தவை, என்று எழுதினேன்; அவை ஆடுகிறவர் கணக்கில் சேராது. சிக்ஸரை லெக் பை என்று எழுத முடியாது, அந்த அளவு நேர்மை எனக்கு இருந்தது. அதனால் சிக்ஸர்களை எதிர்முனையில் நின்ற பெஷாவர்க்கார டிரைவர் பெயரில் எழுதினேன். அவர் அன்று மட்டையால் தொட்ட பந்துகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மொத்த ஸ்கோரில் மட்டும் நான் கை வைக்கவில்லை. பிஸ்கட் கம்பெனி ஜெயித்தது, ஜெயித்ததாகவே எழுதினேன். பாய் அடித்தது ஐம்பத்தெட்டு. நோட்டில் இருந்தது மூன்று.

பரிசு கொடுக்க வேண்டிய பெரிய மேனேஜர் வழக்கம்போல ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்தார். நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆட்ட நாயகன் என்று பெஷாவர்க்காரர் பெயரைப் படித்தார். பரிசு ஒரு ரைஸ் குக்கர். பெஷாவர்க்காரர் இரண்டு கையையும் ஆட்டி, "மே நஹீ சாப், மே நஹீ" என்று, தான் இல்லை என மறுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பெரிய மேனேஜருக்கு அந்த அடக்கம் மிகவும் பிடித்துப்போய், தோளில் தட்டிக்கொடுத்தார்.

முணுமுணுப்பு எழுந்தது. யாரோ நோட்டைக் கேட்டார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பாய் முன்னால் வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். வழக்கம்போல விரலை வைத்துத் தன் பெயருக்கு நேரே தேடினார். விரல் மூன்றில் வந்து நின்றது. நோட்டை மூடி என் மடியில் வைத்தார்.

"பாப்பா எழுதுனா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார் பாய். "எழுதியாச்சுல்ல."

அதோடு கலாஸ். எழுதியாகிவிட்டது என்றால் மேற்கொண்டு பேச அந்த ஊரில் யாருக்கும் தோன்றாது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா காரில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். நானோ, பாயைத் திருப்பி அனுப்பும் நாளுக்காகக் காலண்டரில் ஏழு கட்டம் எண்ணி வைத்திருந்தேன். ஏழு போய் எழுபதும் போயிற்று. அவர் திரும்பி வரவில்லை.

கோடை லீவு முடிந்து பள்ளி திறக்கும் சமயத்தில் ஒரு மாலை பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே அவர் மனைவியும், என் வயதில் ஒரு பெண்ணும். கையில் ஒரு டப்பா நிறையக் கீழக்கரைத் தொதல் அல்வா. அப்போதுதான் அப்பா விஷயத்தை உடைத்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தச்சருக்குக் குடும்ப விசா கிடைக்காது, எங்கள் கம்பெனியில் அதற்கு மேல் பதவியும் காலியில்லை. பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை இருந்தது. அதனால் அப்பாவே பேசி அனுப்பியிருக்கிறார்.

"முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"விசா அடிச்சுக் கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதும்மா. கண்ணு பட்டுடும்" என்றார் அப்பா. கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற அப்பா இதைச் சொன்னார். பாயும் ஆமோதித்தார்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண் என் அறைக்கு வந்து பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவளுடைய வாப்பா ஊருக்குப் போன் செய்வாராம். அன்று எடுத்த ரன்னை முதலில் அவளிடம்தான் சொல்வாராம். மூன்று வருடத்து ரன்கள் தேதியோடு இருந்தன. அவர் ஏன் என்னிடம் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டு போனார் என்பது எனக்குப் புரிந்தது. அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"பைனல்ல போயி மூணுதான் அடிச்சாங்களாம்" என்றாள் அவள். "எனக்கு அழுகையா வந்துச்சு. மிச்சத்தையெல்லாம் ஒரு பெஷாவர் கான் மாமா அடிச்சாராம். உன் நோட்டுலயும் அப்படித்தானே இருக்கு?"

அப்படித்தான் இருந்தது. என் நோட்டை எடுத்து அவளுடையதன் பக்கத்தில் வைத்தேன். எல்லாம் ஒத்துப்போயின. அவள் சந்தோஷமாக, துபாய் போனால் அங்கே மேனேஜர் சார் மகள் இருக்கிறாள், தப்பில்லாமல் எழுதுகிற பிள்ளை, அவள்தான் உனக்குக் கூட்டாளி என்று வாப்பா அந்தப் போனிலேயே சொல்லியிருந்தார்கள் என்றாள்.

தன் வாழ்க்கையிலேயே பெரிய ஆட்டத்தை ஆடிவிட்டு, அதே மத்தியானம் ஒருவர் தன் மகளுக்குப் போன் செய்து மூன்று ரன் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. பாய்க்குக் கணக்கு தெரியாது போலிருக்கிறது, நல்லவேளை பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன். அந்த நிம்மதியில் கூடத்துக்கு ஓடிப்போய், பாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நீட்டிய தொதலில் இரண்டு துண்டு அதிகமாகவே சாப்பிட்டேன்.