சரவணைக் கடற்கரையில் அண்ணை

கனடாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்திருந்த அண்ணை, ஒரு மாலை என்னோடு சரவணைக் கடற்கரைக்கு வந்தார். கமராவை முக்காலியில் பூட்டி ஒரே காட்சியை மூன்று தடவை எடுத்தேன்: வானத்துக்காக இருட்டாக ஒன்று, சேற்றுத்தரைக்காக வெளிச்சமாக ஒன்று, இடைநடுவில் ஒன்று. அண்ணை கணுக்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார்.

"நான் மறைக்கிறனோ?"

"இல்லை, நீங்கள் நடவுங்கோ" என்றேன்.

பிறகு கணினியில், வெளிச்சத்தின் அளவைப் பார்த்துப் பகுதிகளைப் பிரிக்கும் மாஸ்க் போட்டு மூன்றையும் ஒன்றாக்கினேன். வானமும் தரையும் பொருந்தின. நடந்துகொண்டிருந்த அண்ணை மட்டும் மூன்று நிழலாகத் தெரிந்தார். ஏதாவதொரு படத்திலிருந்து அவரை முழுதாக எடுத்து வைத்திருக்கலாம். பொறுமையில்லாமல் அவரைப் படத்திலிருந்தே அழித்துவிட்டேன். இடம் போதவில்லையென்று மூலப் படங்களையும் நீக்கினேன்.

திரும்பிப் போன நாலாம் மாதம் அண்ணை மாரடைப்பில் இறந்துபோனார். அண்ணி தொலைபேசியில் கேட்டார்:

"தம்பி, அண்டைக்குக் கடற்கரையிலை எடுத்த படத்திலை அவர் நிக்கிறாரோ?"

"நிண்டவர் அண்ணி. நான்தான் அழிச்சுப்போட்டன்."



"சரி, அந்தக் கடலையாவது அனுப்பிவிடும்."

அனுப்பினேன். அந்தப் படத்தை வேறு எவருக்கும் நான் காட்டியதில்லை.