நெத்திலி காயும் சாலை

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. மாதா கோயிலில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டாலே என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்து அமுக்குவார். அப்படிப்பட்டவளுக்கு என் தங்கை ஒரு வீடியோ அனுப்பினாள். குடும்பத்தோடு ஏதோ ஒரு தீவுக்குப் போயிருந்தாள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தென்னை, நடுவில் துடைத்து வைத்தது போல ஒரு சாலை. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம் வீட்டில் பாத்திரங்களை நான் கீழே வைத்த சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"தீவுதானே வோணும்? நம்மாண்டயே ஒண்ணு கீது," என்றார் அவர்.

"எங்க?"

"காட்டுப்பள்ளி. இந்தாண்ட கடலு, அந்தாண்ட கால்வா. ரெண்டு முனையிலயும் முகத்துவாரம். தீவு இல்லாம வேற இன்னா அது? டெய்லி நான் போய்க்கினு வந்துகினுதான் கீறேன்."

அவர் டிரெய்லர் டிரைவர். அந்தத் தீவிலிருக்கும் துறைமுகத்துக்குப் பதினைந்து வருடமாகக் கண்டெய்னர் இழுக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், நர்ஸிங் கடைசி வருடம். வீடு ஓடுவதும் அவள் படிப்பதும் அந்த ஸ்டியரிங்கால்தான். அவர் வேலைக்குப் போகிற இடத்தைப் போய்ச் சுற்றிப் பார்ப்பதா என்று முதலில் மூக்கைச் சுளித்தேன். ஆனால் என் கால் வீட்டில் நிற்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, ராயபுரத்திலிருந்து எங்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டோம்.

திருவொற்றியூர் தாண்டி, விம்கோ நகர் தாண்டும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். எண்ணூர் வந்ததும் அவர் ஆரம்பித்தார். லாரிகள் அரைத்துப் போட்ட சாலை அது. எங்கே எந்தப் பள்ளம் என்று அவருக்கு மனப்பாடம். "இப்போ லெஃப்ட்ல ஒண்ணு வரும் பாரு... அடுத்தது சின்னது... கெட்டியா புடிச்சிக்க, இது பெருசு." சொன்னபடியே வரும். சொன்னபடியே வண்டி வளைந்து தாண்டும். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஜெபமாலை சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

அத்திப்பட்டு தாண்டி ஒரு இடத்தில், "இதான் ராட்சசப் பள்ளம்," என்று சொல்லி வண்டியை ஒரே ஒடி ஒடித்தார். எட்டிப் பார்த்தேன். பள்ளமே இல்லை. புதுத் தார் போட்டு மூடி, வெயிலில் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"யோவ், மூடிட்டாங்கய்யா. இல்லாத பள்ளத்துக்கு ஏன் இந்தக் குலுக்கு குலுக்குறே?"

"கை பழகிடுச்சு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கால்வாய்ப் பாலம் ஏறி இறங்கித் தீவுக்குள் போனதும் இன்னொரு கூத்து. துறைமுக கேட்டுக்கு முன்னால் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. மனிதர் நேராகப் போய் அந்த வரிசையின் கடைசியில் எங்கள் மோட்டார் சைக்கிளைச் செருகி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் முதுகில் ஒரு குத்து விட்டேன். முன்னால் நின்ற டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, லீவு நாள்லயும் லைன்லயா?" என்று கேட்டார். இவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, குரல் வந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் கையாட்டினார்.

துறைமுகச் சுவர் முடிந்ததும் நிஜமாகவே தங்கையின் சாலை வந்தது. வலது கைப் பக்கம் கடல், கூப்பிடு தூரத்தில். இடது பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் உப்பங்கழி. இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. திரும்பிப் பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். முன்னால் பார்த்தால் வானமும் தண்ணீரும்தான். பழவேற்காடு வரைக்கும் இப்படியே போகலாம் என்றார். நான் போனை எடுத்து வீடியோ பிடித்தேன், தங்கைக்கு அனுப்ப.

ஆனால் வண்டி நகரவில்லை. நடந்து போகிறவன் முந்திவிடுவான், அப்படி உருட்டிக்கொண்டு போனார். இது டிரெய்லர் போகாத பக்கம், அவருக்குப் பழக்கமில்லாத சாலை. கழுத்தை முன்னால் நீட்டி, தோளை இறுக்கிக்கொண்டு ஓட்டினார். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. எனக்கு அவசரம்.

"மாட்டு வண்டியா ஓட்டுறே? ஸ்பீடா போய்யா."

"போலாம் இரு."

"காலி ரோடு கீது, ஒரு ஆளு இல்ல. உனக்கு இன்னாதான் பேஜாரு? முறுக்குய்யா!"

முறுக்கினார். காற்று முகத்தில் அடித்தது. அந்த ஒரு நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. ஒரு குப்பத்தை ஒட்டிச் சாலை லேசாக வளைந்தது. இடது ஓரத்தில் தாரின் மேலேயே நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். வெள்ளிப் பொடியாகப் பரப்பி, சுற்றிலும் கருங்கல் வைத்திருந்தார்கள். தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் குடித்துவிட்டு ஓட்டுகிறவன்கூட காயப்போட்ட மீன்மேல் வண்டியை விடமாட்டான். சுற்றிக்கொண்டு போவான், இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுவான். அது ஒரு வீட்டுச் சோறு. காசிமேட்டுக் காற்றில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் நேராக அதன்மேல் விட்டார்.

கல்லில் மோதி, மீனில் வழுக்கி, வண்டி சாய்ந்து, இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். எனக்கு முழங்கை சிராய்த்தது, அவருக்குக் கன்னம். அடி பெரிதாக இல்லை. நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஓடிவந்தாள். அவள் வாயில் வந்ததையெல்லாம் எழுத முடியாது.

"விடிகாலைலர்ந்து குந்திக் காய வெச்சது! இம்மாம் பெருசா பரப்பிக் கீது, கண்ணு தெரியலியா உனக்கு?"

அவர் எழுந்து மணலைத் தட்டினார். "தெரியலம்மா," என்றார்.

எதிர்த்துப் பேசுவார் என்று இடுப்பில் கை வைத்து நின்றவள், கையை எடுத்துவிட்டாள். நானும் அப்படியே நின்றேன். மூன்று பேரும் குந்தி, சிதறிய மீனைப் பொறுக்கினோம். அவர் ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தேடினார். அந்தப் பெண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ குந்து நைனா, நாங்க பொறுக்கிக்கிறோம்," என்றாள்.

தோப்பு நிழலில் வைத்துத்தான் சொன்னார். நேராகப் பார்த்தால் தெரிகிறதாம். ஓரமும் கீழும் மங்கிவிடுகிறதாம். ஆறேழு மாதமாக இப்படி. டாக்டரிடம் போனால் ஓட்டாதே என்று சொல்லிவிடுவார் என்று போகவில்லையாம்.

"ரோடு மன்சுல கீது மே. அதுல ஓட்டிக்கினு கீறேன். போன மாசம் சைக்கிள்ல ஒருத்தன் ஓரமா வந்தான். அவன் கத்துன சத்தத்துல பிரேக் போட்டேன். கத்தாம இருந்தான்னா?"

எனக்கு வந்தது கோபமா பயமா என்று தெரியவில்லை, இரண்டும்தான். "நாளைக்கு நீ வண்டி எடுக்கக் கூடாது," என்றேன்.

"பாப்பா படிப்பு முடியறவரைக்கும்..."

"அவளும் ரோட்லதான் நடந்து காலேஜுக்குப் போறா."

நான் ஹேண்டில்பாரை நிமிர்த்தி, வண்டியைக் கிளப்பினேன். எனக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் கல்யாணமான நாளாக அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை; அன்றைக்கு உட்கார்ந்தார். துறைமுக கேட்டுக்கு வந்ததும், சற்றுத் தள்ளி, அவருடைய கம்பெனி லாரிகள் நிற்கும் யார்டின் வாசலில் நிறுத்தினேன்.

"போய்ச் சொல்லிட்டு வா."

"நாளைக்குச் சொல்றேன் மே. இன்னிக்கு ஞாயித்துக்கெயம."

"லாரிங்க இன்னிக்கும்தான் ஓடுது. இன்னிக்கே சொல்லு."

போனார். டிரெய்லர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு வீடு அகலம். ஒவ்வொரு கேபினையும் அண்ணாந்து பார்த்தேன். இவர்களில் யாருக்கு என்ன தெரிகிறதோ, எந்த வீட்டில் யார் வாயை மூடிக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தேன். ஏனென்றால் நான் மூடிக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் பூசையில் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போது, அவருடைய இடது பக்கம் நின்ற பெரியவர் நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. இவர் பார்க்கவேயில்லை. டீ கிளாஸை மேசையின் விளிம்புக்கு வெளியே வைத்து உடைத்தது இரண்டு முறை. நான் கவனக்குறைவு என்று திட்டினேன். அது கவனக்குறைவு இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார், சொன்னால் வேலை போய்விடும். அதனால் கேட்கவில்லை.

அரைமணி நேரம் கழித்து வந்தார். கையில் அவருடைய சாப்பாட்டுப் பையும், கேபினில் மாட்டியிருந்த மாதா படமும் இருந்தன.

"அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம் மே," என்றார். "பசங்க பேசி வெச்சிக்கினு, நான் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் ஒருத்தன் பின்னாடி வந்து நின்னுக்கினு இருந்திருக்கான். நான் தோஸ்துங்க ஆசையா வரானுங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒருத்தன்கூட என் மூஞ்சிக்கு நேரா சொல்லல."

படத்தை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பைக்குள் வைத்தேன். அவர் என் முகத்தை நேருக்கு நேராக, சரியாக நடுவில் பார்த்தார்.

"உனக்கு?"

"தெரியும்யா," என்றேன்.