மீன் கூடையும் மிலிட்டரியும்

அந்த வருஷங்களில் டிவியைப் போட்டாலே பாலைவனத்தில் டாங்கிகள் ஓடிக்கொண்டிருக்கும். உலகத்திலேயே பெரிய ராணுவம், கையில் இல்லாத ஆயுதம் இல்லை. ஆனாலும் ரப்பர் செருப்போடு சந்துக்குள் ஓடுகிறவர்களை அதனால் அடக்க முடியவில்லை. சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் காலனி ஆண்கள் கூடி, நான் போட்டுத் தந்த காபியைக் குடித்துக்கொண்டே, இது ஏன் இப்படி என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். என் கணவர் மட்டும் வாயே திறக்க மாட்டார். ராணுவத்தில் சேர்ந்து வடகிழக்கு மலைகளில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர் அவர். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஏனென்றால் அடுப்படியில் நின்றபடியே ஒரு ராணுவத்தைத் தோற்கடித்தவள் நான்.

எங்கள் காலனி தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையை ஒட்டி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. நுழைவில் ஒரு புங்க மரம். கோவளத்திலிருந்து பஸ் மாறி வரும் ஒரு பெண் அதன் அடியில் அலுமினிய அன்னக்கூடையில் மீன் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் அவளை அக்கா என்பேன், அவளும் என்னை அக்கா என்பாள். யாருக்கு வயது அதிகம் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. நிறைகூடையைத் தலையிலிருந்து தனியாக இறக்க முடியாது. யாராவது எதிரே நின்று கை கொடுக்க வேண்டும். அந்நேரம் வாசலில் நிற்கிற பெண்கள் யாராவது ஒருத்தி போய்க் கொடுப்போம்.

காலனியில் புதிதாக அடுக்குமாடி எழும்பியதும் வந்தது வினை. நாற்றம், ஈ, பூனை, வீட்டு விலை இறங்கிவிடும் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு. சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற அதிகாரி. வீடு தேடி வந்து என் கணவரிடம் சொன்னார்: "சார், நீங்க மலையில தீவிரவாதிங்களையே பார்த்தவர். ஒரு மீன்காரியக் கிளப்பறது உங்களுக்கு ஜுஜுபி."

இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு வந்ததிலிருந்து இவரை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. அன்றைக்கே பழைய காக்கிப் பேண்ட்டை எடுத்து இஸ்திரி போட்டார். வாட்ச்மேன்களை வரிசையில் நிறுத்தினார், ஆளுக்கொரு விசில் வாங்கித் தந்தார். 'இங்கு மீன் விற்கக் கூடாது' என்று மரத்தில் போர்டு ஏறியது. "நம்ம மீன் குழம்பு?" என்று கேட்டேன். "கடையில வாங்கிக்கலாம்" என்றார். ஐஸில் கிடந்து கண் வெளுத்துப்போன மீனை நான் வாங்க வேண்டுமாம்!

அக்கா அன்று பின்பக்கச் சந்து வழியாக என் வீட்டுக்கு வந்தாள். முகம் சுண்டியிருந்தது. "இந்த எடம் பூட்ச்சுன்னா அவ்ளோதான்க்கா. மத்த முக்குல எல்லாம் ஏற்கெனவே ஆள் குந்திக்கினு கீது. நான் ஏலத்துல மீன் எட்த்து இன்னா பண்றது? பேசாம வூட்ல குந்திக்க வேண்டியதுதான்."

"நீ ஏன் வூட்ல குந்தணும்? இந்தப் பக்கமா வா, நாங்க பாத்துக்கறோம்" என்றேன். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் இவர் மலையில் இருந்தபோது, ஜுரத்தில் கிடந்த என் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, கூடையை அப்படியே விட்டு மருந்துக்கடைக்கு ஓடியவள் அவள். சங்கமா வந்தது?

ராணுவத்திடம் ஒரு பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் நேரத்துக்குச் செய்யும். இவருடைய ரோந்து தினமும் ஒரே நேரத்தில் கிளம்பும், ஒரே வழியில் போகும், ஒரே டீக்கடையில் நிற்கும். பூட்ஸ் சத்தம் தெரு முனையிலேயே கேட்கும். நாங்கள் என்ன, ஒளிந்திருந்து உளவா பார்க்க வேண்டும்? மாடி வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டே அக்காவின் செல்போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். காசும் கிடையாது, பேச்சும் கிடையாது. போன் அடித்து நின்றால் ரோந்து தாண்டிவிட்டது என்று அர்த்தம். அக்கா சதுப்பு நிலத்துப் பக்கத்துச் சந்தில் இறங்கி, கொல்லைக் கதவு கொல்லைக் கதவாக வியாபாரம் பார்த்துவிட்டு, ரோந்து திரும்புவதற்குள் பஸ் ஏறிவிடுவாள். வாசலில் மீன் இல்லை. ஆனால் தலைவர் வீடு உட்பட மீன் சாப்பிடுகிற எல்லா வீட்டிலும் குழம்பு கொதித்தது. என் கணவர் தட்டிலும்தான் விழுந்தது. கடை மீன் என்று நினைத்துக்கொண்டு, "இன்னைக்கு ருசியா இருக்கே" என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

ஒருநாள் சந்து முனையில் ஒரு வாட்ச்மேன் அவளை மடக்கிவிட்டான். விறைப்பு காட்டுவதாக நினைத்துக் கூடையை உதைத்தான். சங்கரா மீன் அத்தனையும் மண்ணில். அக்கா அழவில்லை, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அப்போது பக்கத்து வீட்டு டீச்சரம்மா வெளியே வந்தார். முட்டைகூடத் தொடாத குடும்பம். மீன் வியாபாரத்தை நிறுத்தச் சொல்லிச் சங்கத்தில் முதலில் மனு கொடுத்ததே அவர்தான். உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். புடவை நனைய உட்கார்ந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே, மீனைக் கழுவிக் கூடையில் போட்டார். மறுநாளிலிருந்து மிஸ்டு கால் இரண்டு மாடிகளிலிருந்து போனது. எங்கள் பக்கம் ஆள் சேர்த்துக் கொடுத்தது நாங்கள் இல்லை, அந்த உதைதான்.

கடைசியில் தலைவரே களத்தில் இறங்கினார். வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே இவரையும் கிளப்பிக்கொண்டு வந்தார். போன் அடிக்கவே நேரமில்லை. அக்கா மூச்சிரைக்க என் கொல்லைக் கதவில் நுழைந்தாள். கூடையைப் பிடித்து இறக்கி பாத்ரூமுக்குள் தள்ளினேன், அவளையும் அங்கேயே நிற்கச் சொன்னேன். அதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம். முந்தானையைச் செருகிக்கொண்டு போய் நிலைப்படியில் நின்றேன். ஒரு அங்குலம்கூட நகர்வதாக இல்லை.

"இந்தப் பக்கம்தான் வந்தா, சந்து முனையில பார்த்தேன். உள்ள பாருங்க சார்" என்றார் தலைவர்.

"என்னங்க, டீ போடட்டுமா?" என்றேன் நான்.

என் கணவர் என்னையே பார்த்தார். வீட்டுக்குள் மீன் வாடை குப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது. கோபம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். வரவில்லை. மலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், தலைவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"அங்கயும் ஆயுதம் ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு ஒரு வீட்டைத் தேடிப் போனோம் சார். வாசல்ல ஒரு அம்மா இதே மாதிரி நின்னுட்டு, டீ போடட்டுமான்னு கேட்டாங்க. வெளியில எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டர். அவங்களைத் தள்ளிட்டு உள்ள போனோம். அரிசியைக்கூட விடல, தரையில கொட்டிப் பார்த்தோம். ஒண்ணும் கிடைக்கல. அதுவரைக்கும் அந்தம்மாவோட பையன் ஸ்கூலுக்குத்தான் போயிட்டிருந்தான். அப்புறம் அவனும் காட்டுக்குப் போயிட்டான்."

"அதுக்கும் மீனுக்கும் என்ன சார் சம்பந்தம்? மிலிட்டரின்னு நம்பி ஒப்படைச்சேன். ஒரு பொம்பளைகிட்டத் தோத்துட்டு நிக்கறீங்க."

"ஒருத்திகிட்ட இல்ல சார். காலனி மொத்தத்துகிட்டயும். உங்க வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு போய்ப் பாருங்க." கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவர் கையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "போடு. அந்தம்மாவுக்கும் சேர்த்துப் போடு. பாத்ரூம்ல எவ்வளவு நேரம்தான் நிப்பாங்க?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவருக்குக் காட்டக் கூடாது என்று வேகமாக அடுப்படிக்குள் போனேன். அக்கா தயங்கித் தயங்கி வெளியே வந்து, "இன்னா சார், புட்ச்சுக் குட்க்கப் போறியா?" என்றாள்.

"மொதல்ல டீயக் குடிங்க" என்றார் இவர். தலைவர் குடிக்காமல் போனார்.

சங்கம் இவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. போர்டு மட்டும் மரத்திலேயே தொங்கியது, அதன் ஆணியில் அக்கா தன் பையை மாட்டிக்கொண்டாள். டீ குடித்துவிட்டுப் போன மறுநாள் காலை அவள் நிறைகூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து புங்க மரத்தடியில் நின்றபோது, நான் வழக்கம்போலக் கை கொடுக்க வாசலில் இறங்கினேன். எனக்கு முன்னால், காக்கிப் பேண்ட் இல்லாமல் லுங்கியோடு, அவர் போய்க்கொண்டிருந்தார். எதிரே நின்று இரண்டு கையாலும் கூடையைப் பிடித்து இறக்கி வைத்தார்.