பெமிலா ஏற்றாமல் வைத்திருந்த ஆய்வேடு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் என் வீட்டுக்காரி பெமிலாவுக்குச் சோறுகூட அப்புறம்தான். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை. அங்கே அலமாரியில் தூங்கும் மானுடவியல் ஆய்வேடுகளை ஒவ்வொன்றாக இணையத்தில் ஒரு பொது அட்டவணையில் சேர்க்கிறாள். யாரும் சேர்க்கலாம், யாரும் தேடி வாசிக்கலாம். சம்பளம் உண்டா என்று கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

எழுதியவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்குவதில் அவள் கில்லாடி. குவைத்தில் இருக்கும் ஒருவரை, அவருடைய மச்சினனின் ரப்பர் ஷீட் கடை வழியாகப் பிடித்துவிட்டாள்! அப்படிப்பட்டவள் தன்னுடைய எம்.ஃபில் ஆய்வேட்டை மட்டும் ஏற்றவில்லை.

காரணம் என் அம்மா. கல்யாணமான புதிதில் பெமிலா எழுதியது அது. அக்கம்பக்கத்து வீடுகள் குழம்பும் கறியும் கொடுத்து வாங்கும் வழக்கம் பற்றியது. எங்கள் ஊரில் கறி வந்த பாத்திரத்தை வெறுமே திருப்பக் கூடாது, நாலு பழமாவது வைத்து அனுப்ப வேண்டும். அடுத்த வீட்டில் இருக்கும் அப்பாவின் தங்கை செல்லபாய் அத்தை, நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் ஒருநாள் வெறும் பாத்திரத்தை அனுப்பிவிட்டாள். அம்மா முற்றத்தில் நின்று ஏசித் தீர்த்தாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அம்மா ஆசையாகச் சொன்ன இந்தக் கதைதான் ஆய்வேட்டின் நடு அத்தியாயம். பேரை மாற்றினால் மட்டும் ஊருக்குத் தெரியாதா?

"மாமி மனசு நொந்தா எனக்கு அது வேண்டாம்," என்பாள் பெமிலா. ஆனால் அந்தத் தடித்த ஏட்டை அடிக்கடி எடுத்துத் துடைத்துவிட்டு வைப்பாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. போன மாதம் அம்மாவிடம் போட்டு உடைத்துவிட்டேன்.

"வாசிட்டி," என்றாள் அம்மா, பெமிலாவைக் கூப்பிட்டு.

பெமிலா அந்த நடு அத்தியாயத்தை வாசித்தாள். அம்மாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இன்றைக்கு வீடு ரெண்டுபடப் போகிறது என்று நினைத்தேன்.

"எல்லாம் உள்ளதுதான். அவ என்ன சொன்னா?"

"யாரு மாமி?"

"செல்லபாய். அவகிட்டக் கேட்டியா?"

"நான் அங்க போனா நீங்க சும்மா விடுவியளா?"

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "செரி, நட. நானும் வாறேன்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை எங்களைக் கண்டதும் கையிலிருந்த மூடியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். பெமிலா அந்த அத்தியாயத்தை மறுபடியும் வாசித்தாள். முடிப்பதற்குள் அத்தை அழத் தொடங்கிவிட்டாள்.

"வைக்க என்ன இருந்துது மைனி? அன்னைக்கு அடுப்பே எரியல்ல. நீங்க தந்த கறியத்தான் பிள்ளையளுக்குக் குடுத்தேன். அண்ணன் அறிஞ்சா சங்கடப்படுவாருன்னு யாருகிட்டயும் மிண்டாம இருந்தேன்."

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "அதை அப்பவே சொல்லப்படாதாட்டி, பாவி!" என்று கத்திக்கொண்டே அத்தையைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அடுத்து இருவரும் சேர்ந்து பெமிலாவைப் பிடித்துக்கொண்டார்கள். இதையும் எழுதினால்தான் சம்மதமாம். பட்டம் வாங்கிய ஏட்டைத் திருத்த முடியாது, அட்டவணையில் குறிப்பு எழுத இடம் உண்டு என்று சொல்லித் தப்பித்தாள். லேப்டாப் அத்தை வீட்டுக்கே வந்தது. பெமிலா தட்டித் தட்டி வாசித்துக் காட்டினாள்: "அன்று அந்த வீட்டில் வைத்தனுப்ப ஒன்றும் இல்லை. ஏன் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை."

"யாரும்னு போடாத மக்களே," என்றாள் அம்மா, பெமிலாவின் தோளைத் தொட்டு. "நான் கேக்கல்லன்னு போடு. எம்பேரையும் போடு."