பெரிய டீச்சரிடம் சொல்லாமல் வைத்திருந்தது

என் ஸ்கூட்டரின் இடப்பக்கக் கண்ணாடியில் பெரிய டீச்சரின் பாதி முகம் தெரியும். ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் கைப்பையை அணைத்துக்கொண்டு, எதிர்க்காற்றுக்குக் கண்ணை இடுக்கியபடி வருவார். நான்கு வருடம் அந்தப் பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். திருவரங்குளத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூரில் எங்கள் பள்ளி. அவர் தலைமையாசிரியர், நான் உதவி ஆசிரியர், மூன்றாவது ஆள் கிடையாது. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்றும் என்னைச் சின்ன டீச்சர் என்றும் கூப்பிட்டார்கள். நாளடைவில் எனக்கும் அவர் பெரிய டீச்சராகிவிட்டார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. புதுக்கோட்டையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. எட்டேகாலுக்கு நான் ஹார்ன் அடிக்கும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். ஒருநாளும் என்னைக் காக்க வைத்ததில்லை.

அந்த ஒரு காலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஒன்பது வருடமாகிறது.

என் கணவர் அப்போது ஷார்ஜாவில் இருந்தார். ஒரு மாத விடுப்பில் வந்துவிட்டுத் திரும்பி ஐந்து வாரம் ஆகியிருந்தது. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அதற்கு முன்பு மூன்று தடவை இப்படி ஆசைப்பட்டு, பரிசோதித்து, ஏமாந்திருந்தேன். அதனால் இந்தத் தடவை பரிசோதிக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் கலைந்துவிடும் என்பதுபோல ஒரு பயம். அன்று காலை அடுப்படியில் நிற்கும்போதே அடிவயிற்றில் வலப்பக்கம் ஒரு குத்து. ஏமாற்றம் இந்தத் தடவையும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, சாப்பிடாமல் வண்டியை எடுத்தேன்.

டவுன் வீடுகள் முடிந்து தைலமரக் காடு தொடங்குகிற இடத்தில் வலி இறுகியது. கூடவே வலது தோளில், எதற்கென்றே தெரியாத ஒரு கடுப்பு. முதுகெல்லாம் வேர்த்து ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. சாலை சற்று தூரத்தில் இரண்டாகத் தெரிவதுபோல இருந்ததும் ஓரங்கட்டினேன்.

“என்ன டீச்சர்?”

“வயிறு வலிக்குது டீச்சர். தலையும் சுத்துற மாதிரி இருக்கு.”

“சாப்டீங்களா இல்லையா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பையிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக் கையில் வைத்தார். ஒன்றைக் கடித்தேன். விழுங்க முடியவில்லை.

“திரும்பிரலாமா டீச்சர்?” என்று கேட்டேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சாவி எங்கிட்டல்ல இருக்கு. பிள்ளைங்க வந்து வெளிய நிக்குமே. இன்னும் பத்து நிமிசந்தான், கொஞ்சம் சமாளிச்சுக்குங்க. போனதும் நீங்க படுத்துருங்க, ரெண்டு கிளாஸையும் நான் பாத்துக்குறேன்.”

அதில் கடுமை எதுவும் இல்லை. நான் அவராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சாப்பிடாமல் கிளம்பிய பெண்ணுக்கு வருகிற மயக்கம் என்றுதானே அவருக்குத் தெரியும்? நாள் தள்ளியிருக்கிறது என்று அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சாவியையும் பிள்ளைகளையும் மறந்து என்னைத் திருப்பிக் கூட்டிப்போயிருப்பார். நான் சொல்லவில்லை. சரி என்று வண்டியைக் கிளப்பினேன்.

அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினேன் என்று தெரியாது. ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். கண் ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. சாலையை விட்டு இறக்கிவிட வேண்டும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. செம்மண்ணில் சக்கரம் சறுக்கி இரண்டு பேரும் விழுந்தோம்.

கண் திறந்தபோது என் தலை அவர் மடியில் இருந்தது. அவருடைய முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு இடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு ஊரிலிருந்து வரவேண்டும், அரை மணி ஆகும் என்றார்கள் போலிருக்கிறது. போனை வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஸ்கூட்டரை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் விவரிக்க முடியவில்லை. சாவி வண்டியிலேயே இருக்கிறது, ஆஸ்பத்திரி வந்த வழியில் ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிறது, அவருக்கு ஓட்டத் தெரியாது. என் தலையைக் கைப்பையின் மேல் இறக்கிவைத்துவிட்டு எழுந்து போய், நடுச்சாலையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஒரு கார் ஒதுங்கிப் போய்விட்டது. பஸ் எதுவும் வரவில்லை. ஐம்பத்தாறு வயது, சேலை முழுக்கச் செம்மண், கலைந்த கொண்டை. பிள்ளைகள் முன்னால் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவர், “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்திக்கொண்டிருந்தார்.

கீரமங்கலம் பக்கமிருந்து பூ ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வேன் நின்றது. டிரைவரும் அவருமாக என்னைத் தூக்கி மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்தார்கள். அந்த வாசனை எனக்கு அன்றைக்கோடு ஆகாமல் போனது. “கண்ணத் தொறங்க டீச்சர். எம் மொகத்தப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் என் புடவையில் ரத்தத்தைப் பார்த்தவர் குனிந்து, மிகவும் மெதுவாக, “நாள் தள்ளிருந்துச்சா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. அப்போதும் சரி, பிறகும் சரி.

ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட ஆள் இல்லை. மாமியார் மணமேல்குடியிலிருந்து வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். ஷார்ஜாவுக்கு லைன் கிடைக்கவில்லை. “நீங்க யாரும்மா?” என்று நர்ஸ் கேட்டது என் காதில் விழுந்தது. “அக்கா” என்றார் பெரிய டீச்சர். படிவத்திலும் அப்படித்தான் எழுதினார். அன்று முழுக்கப் பள்ளிக்கூடம் பூட்டியே கிடந்ததும், பிள்ளைகள் மரத்தடியில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனதும், அதற்கு அவர் மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்ததும் எனக்குப் பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

கரு கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் டாக்டரம்மா என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். “இது தங்கக்கூடிய கரு இல்லம்மா. அரை மணி முன்னாடி வந்திருந்தாலும் இதே ஆபரேஷன்தான், அந்தக் குழாய எடுக்கத்தான் வேணும். வண்டி ஓட்டுனதாலயும் வரல. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க.” அப்போது பெரிய டீச்சர் அங்கே இல்லை. பள்ளிக்கூடம் முடித்து, பஸ் பிடித்து, சாயங்காலம்தான் கஞ்சித் தூக்கோடு வருவார்.

ஐந்தாம் நாள் மாமியார் மருந்து வாங்கப் போயிருந்தார். பெரிய டீச்சர் தூக்கின் மூடியைத் திறந்தவர் ஊற்றாமல் அப்படியே நின்றார். “அன்னைக்கு நீங்க திரும்பலாம்னு கேட்டீங்க. நாந்தான் கேக்கல. அந்த எடத்துலயே திரும்பியிருந்தா பிள்ளை தங்கியிருக்கும்ல?”

டாக்டர் சொன்னது என் வாயருகே நின்றது. இரண்டு வாக்கியம். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் யார் தப்பும் இல்லாமல் ஒரு பிள்ளை போகும் என்பதை அந்த வாரத்தில் என்னால் தாங்க முடியவில்லை. யாராவது காரணமாக இருக்க வேண்டியிருந்தது. அவர் தானாகவே வந்து முன்னால் நின்றார். நான் நிற்க விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது அவர் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். “ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் செரமம்” என்றார். அதற்குப்பின் என் வண்டியில் அவர் ஏறவே இல்லை. ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். சத்துணவு நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் நினைப்பேன். நாளாக நாளாக, சொல்ல வேண்டிய விஷயத்தைவிட இத்தனை நாள் சொல்லாததே பெரிதாகிவிட்டது. அதற்குப் பிறகும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அதுவும் அவர் காதுக்குப் போயிருக்கும். ஓய்வுக்குப்பின் குளத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போனும் குறைந்து நின்றது.

அவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது என்று போன மாதம்தான் கேள்விப்பட்டு, கிளம்பிப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார வைத்திருந்தார்கள். மருமகள் நாற்காலி எடுத்துப் போட்டாள். “ஆளத் தெரியுதான்னு எங்களுக்கே புரியலங்க. ஒரே ஒரு வார்த்தைதான் வருது. எதுக்கும் சரி, சரிம்பாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். திரும்பியிருந்தாலும் தங்கியிருக்காது என்றேன். எனக்கு மூன்றாம் நாளே தெரியும், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்றேன். அவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சரி” என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மருமகள் எட்டிப் பார்த்து, “டீ கொண்டாரவா அத்த?” என்று கேட்டாள். “சரி” என்றார். எந்த வித்தியாசமும் இல்லாத அதே குரல்.

“போயிட்டு வாரேன் டீச்சர்” என்று எழுந்தபோது அவர் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விடவில்லை. அத்தனை பலம் அந்தக் கையில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. மருமகள் வந்து ஒவ்வொரு விரலாக விலக்கிவிட்டாள்.

“நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க” என்றாள். “யாரு கையா இருந்தாலும் இப்படித்தான் புடிச்சுக்குறாங்க.”