பலகைத் தளத்தின் கீழ் உப்பு

2009 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். முற்றம் கூட்டி, கிணற்றில் இரண்டு வாளி அள்ளி வைத்து, பிட்டுக்கு மாக் குழைத்தேன். எட்டு மணிக்கு ஓடாவி தன் தச்சுச் சாமான்களோடு வந்தார்.

புளியந்தீவில் வாவிக் கரையோரம் இருந்த அந்தப் பழைய வீட்டில்தான் நானும் தங்கச்சியும் பிறந்தோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். மூத்தவளான எனக்குக் கல்லடியில் கடலைப் பார்த்தபடி புது வீடு கட்டித் தந்தார்கள். அம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போனது. சுனாமி என் வீட்டில் அத்திவாரத்தை மட்டும் விட்டுவைத்தது. கணவர் கட்டாரில், பிள்ளைகள் இல்லை. முகாமில் சில நாள் இருந்துவிட்டு, நான் தங்கச்சி வீட்டு நடு அறைக்கு வந்து சேர்ந்தேன்.

சுனாமியன்று அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று தங்கச்சி வந்தவர் போனவர் எல்லாருக்கும் சொல்லுவாள். "கடலும் எங்கட வாசலில செருப்பக் கழட்டிப் போட்டு நிண்டுட்டு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.

நாட்டில் சண்டை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவளுடைய மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். வீடு மகளுக்குச் சீதனம். எனக்கு அது இனி ஒருபோதும் இல்லை. எழுதிக் கொடுக்குமுன் திருத்துவதற்காகத்தான் ஓடாவியைக் கூப்பிட்டிருந்தாள். நடு அறைக்கு மட்டும் பலகைத் தளம், அடியில் ஒரு முழம் வெறுமை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பலகைகள் கால் வைத்தால் அமுங்கின.

ஓடாவி அவற்றைக் கிளப்பினார். கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்து, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. தங்கச்சி கறையான் என்றாள். ஓடாவி தலையாட்டி மறுத்தார், பழைய சுண்ணாம்பாக இருக்கலாம் என்றார். நான் குந்தியிருந்து ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. விரலால் கிளறினேன். மினுங்கும் கருமணலும் நகத்தளவு சிப்பித் துண்டுகளும் வந்தன. மாரி வெள்ளம் விட்டுப்போவது வாவிச் சேறு. இது வேறு. கல்லடியில் என் அத்திவாரத்தின் மேலிருந்து நான் வாரிக் கொட்டியது இதைத்தான்.

அவ்வளவு காலத்தில் அன்றுதான் அந்த வீட்டில் எனக்கு நெஞ்சு நிறையச் சந்தோஷம்.

"கடல் செருப்போடயே உள்ளுக்கு வந்திரிக்கி" என்றேன்.

தங்கச்சி சிரிக்கவில்லை. ஓடாவி வெற்றிலை போட வெளியே போனதும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. அண்டைக்குப் பலகைக்குக் கீழ தண்ணி ஓடின சத்தம் கேட்டது."

"பிறகேன் ஊரெல்லாம் அப்பிடிச் சொன்னாய்?"

"ஊருக்கா சொன்னன்? கடல் வந்த வீட்டில படுக்கமாட்டன் எண்டு முகாமில இருந்து அழுதாய். சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். வீடும் அவளுக்கு, என்னை நாலரை வருடம் நிம்மதியாகத் தூங்கவைத்த பொய்யும் அவளுடையது. அவளுக்காக நான் அப்படி எதையும் சுமந்ததில்லை. நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. இதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

அன்றிரவு தன் அறையில் வந்து படுக்கச் சொன்னாள். மாட்டேன் என்று, திறந்து கிடந்த தளத்துக்குப் பக்கத்திலேயே படுத்தேன். உப்பைக் காலையில் இருவருமாக அள்ளுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விடிந்ததும் முதல் வேலையாக, அவள் கதவு திறக்குமுன், மண்வெட்டியோடு தளத்தின் கீழ் இறங்கித் தனியாகவே அள்ளத் தொடங்கினேன்.