மாமாவின் றேடியோவில் நான் அடைத்த துளை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமா, என் மனைவியின் அப்பா, போன் அடித்தால் ஒன்றில் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ செய்திருக்க வேண்டும். அன்று யாரும் சாகவில்லை.

"தம்பி, றேடியோ துடைச்சாச்சோ?"

"ஓம் மாமா. பாத்தா நீங்களே நம்பமாட்டியள்."

அன்று பத்தரை மணி வரைக்கும் நான் மாமாவிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"நல்லது. பத்தரைக்கு வாசிகசாலையிலை கண்காட்சி. சண்டை நடந்து கரண்ட் இல்லாத காலத்திலை சனம் கையாலை செய்த சாமானெல்லாம் வைக்கினம். என்னையும் கதைக்கச் சொல்லியிருக்கினம். சைக்கிள் டைனமோவிலை றேடியோ ஓடின அந்த வயர், சின்னப் பலகை, ரியூப் சுத்தின மூட்டு எல்லாத்தையும் காட்டித்தான் கதைக்கப்போறன். பத்து மணிக்கு வாறன்."

போனை வைத்துவிட்டார். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன்.

விஷயம் இதுதான். நான் பழைய வீட்டுச் சாமான்கள் சேர்க்கிறவன். இணுவிலில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டிருக்கிறேன். மேசைக்காற்றாடிகள், கரி அயன்பெட்டிகள், காலால் மிதிக்கும் தையல் மெஷின்கள், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்சாதனப் பெட்டி. அந்தப் பெட்டி இன்னும் குளிரவில்லை. என் மனைவி அதற்குள் வெங்காயம் வைத்திருக்கிறாள். இந்த வேலையில் எனக்கு ஒரு சட்டம் உண்டு: சாமான் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும். பிறகு யாரோ ஒட்டியது, கட்டியது, முடிந்தது எல்லாம் குப்பை.

இரண்டு கிழமைக்கு முன் மாமி அந்த றேடியோவை ஒரு பையில் கொண்டுவந்து தந்தார். மரப்பெட்டி வைத்த பெரிய ட்ரான்சிஸ்டர். "ஒருக்காத் துடைச்சுத் தாரும் தம்பி" என்றார். துடைக்கத்தான் சொன்னார். துடைப்பதோடு நிற்கத் தெரிந்தவன் பழைய சாமான் சேர்க்கமாட்டான்.

திறந்து பார்த்தால் கண்கொண்டு பார்க்க முடியாத கோலம். பின்மூடியில் சூட்டுக்கம்பியால் சுட்ட துளை. அதன் வழியே ஒரு சிவப்பு வயரும் ஒரு மஞ்சள் வயரும் வெளியே வந்து ஒரு பலகைத் துண்டில் முடிந்திருந்தன. பலகையில் வேறொரு றேடியோவில் பிடுங்கிய டயோட். அதன் மூட்டில் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு கீலம் சுற்றியிருந்தது. நிலையம் பிடிக்கும் திருகிக்குப் பதிலாக ஏதோ டொனிக் போத்தலின் மூடி.

"அதையேன் கழட்டுறியள்?" என்று மனைவி அப்போதே கேட்டாள்.

"உது கொம்பனியிலை வந்ததில்லையப்பா."

எல்லாவற்றையும் கழற்றி எறிந்தேன். துளையைப் பசை வைத்து அடைத்தேன். இரண்டு நாள் தேய்த்தேன். மூன்று தரம் வார்னிஷ் பூசினேன். எங்கெங்கோ தேடி அசல் திருகி ஒன்றும் வாங்கிப் போட்டேன். துளை இருந்த இடத்தைக் கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. என் வாழ்க்கையில் நான் செய்த மிக அருமையான வேலை அது.

மாமா கந்தோரில் கோப்புகளோடு முப்பது வருசம் வேலை செய்தவர். ஒருநாளும் அவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. இந்தக் கண்காட்சிக்காக ஒரு கிழமையாக எழுதி எழுதிக் கிழிக்கிறார் என்று மாமி சொல்லியிருந்தார். எதைப் பற்றி எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முதலில் பழைய இரும்பு எடுக்கிறவருக்குப் போன் அடித்தேன். வெள்ளிக்கிழமை என் கழிவுச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனவர் அவர்தான்.

"அண்ணை, அதுக்குள்ளை ஒரு சின்னப் பலகை கிடந்தது. சிவப்பு வயரும் மஞ்சள் வயரும்..."

"அது நேற்றே லொறியிலை ஏத்தியாச்சண்ணை."

"லொறி எங்கை நிக்குது?"

"இப்ப வவுனியா தாண்டியிருக்கும், இனிப் பிடிக்கேலாது. ஏனண்ணை, பவுண் கிவுண் வைச்சனீங்களோ?"

பவுணாக இருந்திருந்தால் நான் இவ்வளவு வியர்த்திருக்கமாட்டேன்.

மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாட்டைச் சொல்லுங்கோ."

"சொல்லத்தான் போறன்."

"எப்ப?"

"அவர் கதைச்சு முடிச்சாப்பிறகு."

"அங்கை எதைக் காட்டிக் கதைக்கிறது? உங்கடை வார்னிசையோ?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கேவலமான யோசனை வந்தது. கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு முகநூல் குழுவில் பெருமை அடிப்பதற்காக எடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே ஒன்று செய்துவிட்டால்? இருபது வருசமாகப் பழைய சாமானைப் புதிதாக்கியவனுக்குப் புதிய சாமானைப் பழையதாக்க எவ்வளவு நேரம் வேண்டும்? மணி ஏழரை. இரண்டரை மணித்தியாலம் இருந்தது.

பலகைத் துண்டு கிடைத்தது. டயோட்டும் கிடைத்தது. வயர் இருந்தது, ஆனால் பளபளவென்று மினுங்கியது. தேத்தண்ணியில் ஊறப்போட்டு, அடுப்புச் சாம்பலில் உருட்டி, சட்டிக்கரி தடவினேன். தோய்த்துக் கொடியில் போட்டிருந்த, இடுப்பில் கட்டுகிற வெள்ளைச் சாரத்தில் கையைத் துடைத்தேன். அது என்னுடைய சாரம் என்பதால் அதற்கு மட்டும் பேச்சு விழவில்லை.

பிறகு துளை. ஆணியைச் சிவக்கக் காய்ச்சிக் குறட்டால் பிடித்துக்கொண்டு பின்மூடிக்கு முன் குந்தினேன். இரண்டு நாள் தேய்த்து மூடிய இடம். மனம் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீழை" என்றாள் மனைவி, போனில் படத்தைப் பார்த்துக்கொண்டு. "உதிலை இல்லை, இடப்பக்கம். எனக்குத் தெரியும். நான்தானே சின்னனிலை சைக்கிள் பெடல் சுத்தினது. அயல் முழுக்க வீட்டு முத்தத்திலை வந்து குந்தியிருக்கும். செய்தி முடியுமட்டும் கை எடுக்கக்கூடாது. எடுத்தா அப்பா ஒண்டும் சொல்லமாட்டார், ஒருக்காப் பாப்பார். அது போதும்."

அந்தப் பார்வை எனக்கும் தெரியும். கலியாணம் பேச வந்த அன்றே பார்த்திருக்கிறேன்.

ஆணியை வைத்தேன். வார்னிஷ் இன்னும் முழுதாகக் காயவில்லை போலும். குப்பென்று பற்றியது. "ஐயோ" என்று கத்தினேன். மனைவியும் கத்தினாள். பக்கத்து வளவு நாயும் கத்தியது. வயர் ஊறப்போட்ட தேத்தண்ணியை எடுத்து மூடியில் ஊற்றினேன். அணைந்தது. புகை போனபின் பார்த்தால் துளை படத்தில் இருப்பதைவிடப் பழையதாகத் தெரிந்தது. என் பயத்துக்குக் கைவேலை நன்றாகத் தெரியும்.

அசல் திருகியைக் கழற்றி, டொனிக் மூடிக்குப் பதிலாக மாமி தந்த லேகியப் போத்தலின் மூடியைப் பொருத்தினேன். கடைசியாக மூட்டு. படத்தில் ரியூப் கீலம் மட்டும்தான் தெரிந்தது. உள்ளே எப்படி இணைத்திருந்தார் என்று நான் அவிழ்த்துப் பார்க்காமலே எறிந்திருந்தேன். வெளியே தெரியாததுதானே என்று டயோட்டின் காலையும் வயரையும் சேர்த்து அழகாக ஈயம் பற்றவைத்து, மேலே பழைய ரியூப் கீலத்தை இறுக்கிச் சுற்றினேன். மணி ஒன்பது ஐம்பது.

பத்துக்கு ஒரு நிமிசம் இருக்க மாமாவின் சைக்கிள் மணி கேட்டது. உடுவிலில் இருந்து அந்தச் சைக்கிளிலேயே வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, சேட்டுப் பையில் மடித்த தாள். டைனமோவைத் துடைத்து மினுக்கியிருந்தார்.

றேடியோவை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பினார். துளையில் விரலை விட்டுப் பார்த்தார். முகர்ந்தார்.

"வார்னிஷ் அடிச்சனீரோ?"

"கொஞ்சம், மாமா."

"ஏன் தேத்தண்ணி மணக்குது?"

"காலமை குடிக்கேக்கை... கை தட்டுப்பட்டிட்டுது."

உள்ளே மனைவிக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. இப்போதாவது சொல்லு என்று என்னை நானே உந்தினேன். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "தேத்தண்ணி ஒண்டு குடிக்கிறியளே மாமா?"

"வேண்டாம். நேரம் போச்சு."

வாசிகசாலையில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். மேசைகளில் ஜாம் போத்தல் விளக்கு, பனையோலையில் செய்த ஏதேதோ, உப்புத் தண்ணீர் ஊற்றி உயிர் கொடுத்த பழைய பற்றரிகள். ஒவ்வொன்றின் முன்னும் செயலாளர் ஓர் அட்டை வைத்திருந்தார். மாமாவின் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பக்கத்து மேசையில் றேடியோவை வைத்தார்கள். மாமி முன்வரிசை. நானும் மனைவியும் கடைசி வரிசை, வாசலுக்குப் பக்கத்தில்.

மாமா எழுந்தார். பையில் இருந்த தாளைக் கையில் எடுத்தார். டைனமோவைக் காட்டினார். பலகையைக் காட்டினார். சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. நன்றாகத்தான் போனது. நான் மூச்சு விடத் தொடங்கியிருந்தேன்.

"எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான்" என்றார் மாமா. "பற்றரி இல்லை, ஈயம் இல்லை, பற்றவைக்கக் கரண்ட் இல்லை. அப்ப இந்த மூட்டை எப்பிடிப் பொருத்தினனீர் எண்டு. அதைத்தான் இப்ப அவிட்டுக் காட்டப்போறன்."

ரியூப் கீலத்தின் நுனியை நகத்தால் கிளப்பினார்.

மேலே பார்த்தேன். வாசிகசாலைக் காற்றாடி. நல்ல பழைய காற்றாடி, செட்டை மூன்றும் அசல். இதைக் கேட்டால் தருவார்களோ என்று ஒரு மனம் யோசித்தது. மற்ற மனம் வாசலுக்கு எத்தனை அடி என்று அளந்தது. கீலம் ஒரு சுற்று அவிழ்ந்தது. இரண்டு. நான் ஏன் அவ்வளவு சுற்றினேன்? மூன்று. ஏன் இன்னும் நூறு சுற்று சுற்றவில்லை?

கீலம் கழன்று விழுந்தது. ஈயம் வெள்ளிபோல மினுங்கியது.

மாமா அதைப் பார்த்தார். விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என்ரை வேலையில்லை" என்றார்.

கையில் இருந்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காலில் ஆணி குத்தியதுபோல எழும்பிவிட்டேன்.

"மாமா, அது... நான் இண்டைக்குக் காலமை செய்தது."

"பழையது?"

"கழட்டிப்போட்டன்."

"எங்கை?"

"லொறியிலை. வவுனியா தாண்டியிருக்கும்."

என் பக்கத்தில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, மாமா ஒருக்காப் பார்க்க, நிறுத்தினார்.

மாமா உட்காரப்போனார். என் மனைவிதான் முன்வரிசைக்குப் போனாள். "அப்பா, எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?"

"ஞாபகமோ?" மாமா நிமிர்ந்தார். "நித்திரையிலை கேட்டாலும் செய்வன்."

"அப்ப செய்யுங்கோவன்."

மாமா சபையைப் பார்த்துக் கேட்டார்: "ஆரிட்டையாவது சிகரெட் பெட்டி கிடக்கோ? உள்ளை இருக்கிற வெள்ளித்தாள் வேணும்."

மாமா காத்திருந்தார். கடைசியில் செயலாளர், போன வருசம் புகைத்தலுக்கு எதிராக இதே மண்டபத்தில் கூட்டம் வைத்தவர், காற்சட்டைப் பையில் இருந்து மெல்ல ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய மனைவி அவரைப் பார்த்த பார்வையில், சனத்திடம் எனக்குக் கிடைக்க வேண்டிய பங்கு கொஞ்சம் குறைந்தது. அலுமாரியில் கரண்ட் போனால் கொளுத்த வைத்திருந்த மெழுகுதிரியும் வந்தது.

"இஞ்சை வாரும்" என்றார் மாமா என்னைப் பார்த்து.

போனேன். என் ஈயத்தை நானே வெட்டி எடுத்தேன். இரண்டு நுனியையும் பிடிக்கச் சொன்னார். வயரை முறுக்கினார். வெள்ளித்தாளைக் கீலமாகக் கிழித்து அதன்மேல் இறுகச் சுற்றி, நகத்தால் அழுத்தினார். மெழுகுதிரியைச் சரித்தார். இரண்டு சொட்டு மூட்டில் விழுந்தது. மூன்றாவது என் பெருவிரலில்.

"சுடுதோ?"

"இல்லை மாமா."

"சுடவேணும்."

கீலத்தைச் சுற்றி முடித்தார். "இனிச் சுத்தும்."

சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தி, பெடலைக் கையால் சுற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினேன். இரைச்சல். மாமா லேகிய மூடியைத் திருப்பினார். இரைச்சலுக்குள் எங்கிருந்தோ ஒரு பெண்குரல், கடலுக்குப் போகிறவர்கள் பலத்த காற்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றது. வாசிகசாலை ஒரே சத்தம். மாமி கையைத் தட்டினார். நான் கையை எடுத்தேன். குரல் செத்தது.

"ஆர் நிப்பாட்டச் சொன்னது?" என்றார் மாமா.

றேடியோச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பையில் இருந்து தாளை எடுத்து விரித்தார். நாலு பக்கம். ஒவ்வொரு வரியாக, அவசரப்படாமல், வாசித்தார். முதலாம் பக்கத்தில் எனக்குத் தோள் போனது. இரண்டாம் பக்கத்தில் இடுப்பு. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தார், வேண்டுமென்றே. நான் சுற்றினேன். சுற்றுகிறவனுடைய முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது அன்று எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.

முடிந்ததும் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். றேடியோ வாசிகசாலைக் கண்ணாடி அலுமாரிக்குப் போவதாக முடிவானது. செயலாளர் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். 'மின்சாரம் இல்லாத காலத்தில் செய்தது' என்று அச்சடித்திருந்தது.

"இது பொய்" என்றார் மாமா. "வேறை அட்டை தாரும். தம்பி, நீர் எழுதும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இது இன்று செய்தது. அந்தக் காலத்தில் செய்ததை என் மருமகன் எறிந்துவிட்டார்.'

வாங்கி வாசித்தார். திருப்பித் தந்தார்.

"எறிந்துவிட்டார் எண்டதுக்குக் கீழை ஒரு கோடு போடும்."

போட்டேன்.